"கன்தரே, கன்தராஸ்" பல்லவியைத் தமிழில் பாட வேண்டும்: "நாம்" போடுவதா, "நாங்கள்" போடுவதா?

தாளம்தப்பியவள்:

வணக்கம். எங்களுடையது எட்டுப் பேர் கொண்ட சின்னப் பாட்டுக் குழு. ஒருவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. போன மாதம் ஒருவர், 1985இல் லத்தீன் நட்சத்திரங்கள் எல்லாரும் "எர்மானோஸ்" என்ற பெயரில் சேர்ந்து பாடிய "கன்தரே, கன்தராஸ்" பாட்டைப் போட்டுக் காட்டினார், அன்றிலிருந்து எல்லாருடைய வாயிலும் அதே மெட்டுதான். முழுப் பாட்டையும் ஸ்பானிஷிலேயே பாடிவிட்டு கடைசிப் பல்லவியை மட்டும் தமிழில் முடிக்கலாம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். முதல் வரிக்கே "நான் கடலில் ஒரு துறைமுகத்தைக் காதலிக்கிறேன்" என்று வந்தது. குழுவில் படித்துக் காட்டினேன், சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. சரி, இது காதல் பாட்டா, ஒற்றுமைப் பாட்டா என்று முதலில் யாராவது சொல்லுங்கள். அப்புறம் பல்லவியில் "சோமோஸ்" என்று ஒரு சொல் வருகிறது, "நாங்கள் இருக்கிறோம்" என்று ஒரு அகராதி, "நாம்" என்று இன்னொன்று. தலைப்பில் உள்ள "கன்தராஸ்" என்பதை "பாடுவாய்" என்பதா, மரியாதையாக "பாடுவீர்கள்" என்பதா? குழுவில் பாதிப் பேர் "நீ" என்று வருவது வேண்டாம் என்கிறார்கள்.

பழையரேடியோ:

காதல் பாட்டு, ஒற்றுமைப் பாட்டு இரண்டும்தான். அந்தக் குழப்பம் பாட்டு பிறந்த விதத்திலேயே இருக்கிறது. எழுதியவர்களில் இரண்டு பேரைப் பாருங்கள். ஆல்பர்ட் ஹேமண்ட் லண்டனில் பிறந்து ஜிப்ரால்டரில் வளர்ந்தவர், ஆங்கிலமும் ஸ்பானிஷும் இரண்டுமே அவருக்கு வீட்டு மொழி மாதிரி. ஹுவான் கார்லோஸ் கால்தெரோன் ஸ்பெயின்காரர், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 1973இல் இரண்டாம் இடம் பிடித்த "எரெஸ் தூ" அவர் எழுதியதுதான் (தமிழில் சொன்னால் "நீதான்"). இரண்டு பேருக்குமே காதல் பாட்டுதான் தொழில். அவர்களிடம் போய் ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் உதவி திரட்ட ஒரு பாட்டு வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? தங்களுக்குக் கைவந்த மொழியில்தான் எழுதுவார்கள்.

ஸ்பானிஷில் இந்த வகைக்கு "பலாதா" என்று பெயர். மெதுவான தாளம், பியானோ, வயலின் கூட்டம், பேசுவது போலத் தொடங்கிப் பல்லவியில் குரல் மேலே ஏறும். இதற்குத் தாய் கியூபாவில் பிறந்து மெக்சிகோவில் செழித்த பொலேரோ என்ற காதல் பாட்டு வகை. 2023இல் யுனெஸ்கோ அந்த இரண்டு நாடுகளின் பெயரிலும் பொலேரோவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல பொலேரோக்களில் பாடுபவர் "நீ" என்று சொல்லிக்கொண்டே போவார், அந்த நீ யார், ஆணா பெண்ணா, பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. கேட்பவர் தனக்கு வேண்டியவரை அங்கே உட்கார வைத்துக்கொள்ளலாம். இந்தப் பாட்டிலும் அதே நீதான், ஆனால் இப்போது அந்த இடத்தில் முகம் தெரியாத, பசியில் இருக்கிற யாரோ உட்கார்ந்திருக்கிறார். கடலில் உனக்கு ஒரு துறைமுகமாக இருக்க வேண்டும், திசை தவறினால் வழி காட்டும் கருவியாக இருக்க வேண்டும் என்கிற வரியைக் காதலியிடமும் சொல்லலாம் இல்லையா.

யாப்புப்பித்தன்:

துறைமுகக் காதலுக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கும் சொல் "கியேரோ". "தே கியேரோ" என்றால் உன்னை நேசிக்கிறேன், "கியேரோ செர்" என்றால் ஆக வேண்டும், இருக்க விரும்புகிறேன். ஒரே வினைச்சொல். மென்பொருள் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் தமிழில் "விரும்பு" இதே வேலையைத்தான் செய்கிறது: "உன்னை விரும்புகிறேன்", "துறைமுகமாக இருக்க விரும்புகிறேன்". அதையே போட்டால் சிரிப்பும் வராது, சொல்லில் இருக்கும் அந்த ஈரமும் போகாது.

பாடுவாயா, பாடுவீர்களா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பாடுவாய்தான். ஸ்பானிஷில் மரியாதைக்கு "உஸ்தெத்" என்று தனியாக இருக்கிறது, அதற்கு வினைமுற்றும் வேறு: "கன்தரா". பாட்டில் வருவது "-ராஸ்", அதாவது நெருக்கமான நீ. இன்னொன்று, ஆங்கிலத்தில் இந்தத் தலைப்பைச் சொல்ல ஆறு சொல் வேண்டும். ஸ்பானிஷில் இரண்டு சொல்தான், யார் பாடுகிறார், எப்போது பாடுகிறார் எல்லாம் விகுதியிலேயே இருக்கிறது. தமிழிலும் அப்படியே இரண்டு சொல்: பாடுவேன், பாடுவாய்.

இப்போது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கன்-த-ரே, பா-டு-வேன். கன்-த-ராஸ், பா-டு-வாய். மூன்று மூன்று அசைப்பு. ஸ்பானிஷில் அழுத்தம் கடைசியில் விழுகிறது, தமிழில் கடைசி அசைப்பில் நெடில். மெட்டின் மேல் வைத்தால் ஒரு இடம்கூட இடிக்காது. நம் கணக்கில் இரண்டுமே நேர் நிரை, கூவிளம். (யாப்பைக் கண்டால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்த எதிர்கால விகுதிக்கும் ஒரு கதை உண்டு. லத்தீனில் "பாட" என்பதோடு "எனக்கு இருக்கிறது" என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னதுதான் தேய்ந்து "கன்தரே" ஆனது. "பாட இருக்கிறேன்" என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்து வீடு.

கடுகு:

எல்லாம் சரி. பெரிய பெரிய பணக்காரப் பாடகர்கள் ஒரு நாள் சாயங்காலம் ஒரு ஸ்டுடியோவில் கூடி, கண்ணை மூடிக்கொண்டு காதில் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு "நாம் எல்லாரும் ஒன்று" என்று பாடுவதை எத்தனை முறை பார்ப்பது? "நாங்கள்" என்றே போடுங்கள். அவர்கள் வேறு, பசித்தவர்கள் வேறு. அதுதான் உண்மை.

பழையரேடியோ:

கடுகு காரம்தான், ஆனால் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 1984 கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பாடினார்கள், 1985 ஜனவரியில் அமெரிக்கர்கள் ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் பாடினார்கள், அதே ஆண்டில் அதே ஸ்டுடியோவுக்கு இவர்கள் வந்தார்கள். பார்த்துச் செய்ததுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இவர்களில் பலருடைய சொந்த நாடுகளே அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தன. 1982 ஆகஸ்ட்டில் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததில் தொடங்கி லத்தீன் அமெரிக்கா முழுக்க அந்தப் பத்தாண்டே "இழந்த பத்தாண்டு" என்று பெயர் வாங்கியது. சிலியில் சர்வாதிகாரி பினோசெட்டின் ராணுவ ஆட்சி. அர்ஜென்டினாவில் ராணுவம் போய் ஒன்றரை வருடம்கூட முழுதாக ஆகவில்லை, பிரேசிலில் 21 வருட ராணுவ ஆட்சி 1985 மார்ச்சில்தான் முடிந்தது. பாடியவர்களைப் பாருங்கள்: மெக்சிகோவின் ஹோசே ஹோசே, ஸ்பெயினின் ஹூலியோ இக்லேசியாஸ், மதரீத்தில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்த பிளாசிடோ டொமிங்கோ, 1960இல் கியூபாவை விட்டு வந்து பிறகு திரும்பிப் போய் வாழவே முடியாத செலியா குரூஸ், போர்ட்டோ ரிகோவின் ஹோசே ஃபெலிசியானோ, தாய்மொழி போர்ச்சுகீசியமாக இருந்தும் ஸ்பானிஷில் பாடிய பிரேசிலின் ரொபெர்த்தோ கார்லோஸ். அவர்கள் கை கோர்ப்பது என்பது அவ்வளவு சுலபமான விஷயமா என்ன? பணக்காரர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த "நாம்"இல் அவர்களுக்குள்ளேயே ஒட்ட வேண்டிய விரிசல் நிறைய இருந்தது.

அல்டோகுரல்:

அரசியலை நீங்கள் பேசுங்கள், நான் பாடுகிற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதே பாட்டில் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

முதல் அடி அந்த "ஸ்". பல்லவியில் வரும் கன்தராஸ், மாஸ் ("இன்னும் அதிகம்"), இரண்டும் ஸ்-இல் முடிகின்றன. எட்டுப் பேர் எட்டு இடத்தில் ஸ் போட்டால் பாம்புப் புற்றுக்குள் மைக்கை வைத்த மாதிரி இருக்கும், எங்கள் பதிவில் அப்படித்தான் இருந்தது. ஆ-வை மட்டும் எல்லாரும் நீட்டுங்கள், ஸ்-ஐ இரண்டே பேரிடம் கொடுத்துவிடுங்கள், மற்றவர்கள் வாயை மூடக்கூட வேண்டாம், அப்படியே மூச்சை நிறுத்தினால் போதும். கேட்பவர்களுக்கு எல்லாரும் சொன்னது போலத்தான் இருக்கும்.

அப்புறம் "லூஸ்", வெளிச்சம் என்கிற சொல். ஸ்பெயின்காரர்கள் பெரும்பாலும் நாக்கைப் பல்லிடையில் வைத்து "லூத்" மாதிரிச் சொல்வார்கள், லத்தீன் அமெரிக்கர்கள் "லூஸ்". எது வேண்டுமானாலும் சரிதான், எட்டுப் பேரும் ஒன்றையே சொன்னால் போதும். ஸ்பானிஷ் எழுத்தில் ஹ இருந்தாலும் வாயில் வராது, "உமானோ", "எர்மானோஸ்", அவ்வளவுதான். முக்கியமாக, தமிழில் எழுதி வைத்துப் பாடுகிறவர்கள் "கந்தரே" என்று எழுதாதீர்கள். "ந்த" என்று எழுதினாலே நமக்கு "பந்து"வில் வருகிற மெல்லிய ஒலி வந்துவிடும். வேண்டியது "பத்து"வில் வருகிற த. நான் என் தாளில் "கன்-த்தரே" என்று கோணலாக எழுதி வைத்திருந்தேன், அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்தது.

சுருதி பற்றி: அவர்கள் ஆளுக்கு ஒரு வரி பாடினார்கள், அவரவர் குரலுக்கு வாகான வரி. ஒரே ஆள் முழுச் சரணத்தையும் பாட முயன்றால் ஒன்று கீழே காணாமல் போவார், இல்லை பல்லவியில் கழுத்து நரம்பு புடைக்கும். பிரித்துக் கொடுங்கள். யாருடைய குரல் நன்றாக இருக்கிறது என்று பார்த்து இல்லை, எந்த வரி யாருக்கு எட்டுகிறது என்று பார்த்து.

தாளம்தப்பியவள்:

அந்த ஸ் விஷயத்தை இன்று மாலை முயன்று பார்த்தோம், நம்பவே முடியவில்லை, இரண்டு பேர் போதும்! எங்கள் குழுவில் ஸ் சொல்லும் உரிமை யாருக்கு என்று இப்போது சண்டை நடக்கிறது.

பாடுவேன், பாடுவாய் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் "கதா வெஸ் சோமோஸ் மாஸ்" என்கிற வரியில் மாட்டிக்கொண்டேன். "ஒவ்வொரு முறையும் நாம் இன்னும் அதிகமானவர்களாக இருக்கிறோம்" என்று எழுதினேன், பாடிப் பார்த்தால் பேருந்து அறிவிப்பு மாதிரி இருக்கிறது, மெட்டில் பாதிகூட ஏறவில்லை. நாம், நாங்கள் பஞ்சாயத்தும் தீரவில்லை. கடுகு சொன்னதைப் படித்துவிட்டு ஒருவர் "நாங்கள்" கட்சிக்கே போய்விட்டார்.

யாப்புப்பித்தன்:

இரண்டையும் தூக்கிப் போடுங்கள். தமிழ் வினைமுற்றில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே "-ஓம்"தான். ஸ்பானிஷ் "சோமோஸ்"ஸிலும் தனியாக ஒரு நாம் கிடையாது, விகுதிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்த வரி கதா-வெஸ் சோமோஸ்-மாஸ், மூன்றும் மூன்றும் ஆறு அசைப்பு, தலைப்பு வரிக்கும் அதே கணக்கு. என் யோசனை: "நாளுமே கூடுவோம்".

"கூடு" என்றால் எண்ணிக்கை பெருகுவதும் கூடுதல், ஆட்கள் ஒன்று சேர்வதும் கூடுதல். மூலத்தில் பெருகுவது மட்டும்தான் இருக்கிறது, சேர்வது அடுத்த வரியில் கை கோர்க்கும்போதுதான் வரும். தமிழில் இரண்டும் ஒரே சொல்லில் கிடைத்துவிட்டது. பாடு, கூடு என்று எதுகையும் விழுகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை, அதுவாகவே வந்து உட்கார்ந்தது.

கடுகு:

"சோமோஸ்" நிகழ்காலம். நீங்கள் எதிர்காலத்தில் போட்டிருக்கிறீர்கள். கூடியாகிவிட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள், கூடுவோம் என்று நீங்கள் வாக்குறுதி கொடுக்கிறீர்கள். அரசியல்வாதி ஆகிவிட்டீர்கள்.

யாப்புப்பித்தன்:

குட்டு சரியாக விழுந்தது, வாங்கிக்கொள்கிறேன். "கூடுகிறோம்" என்றால் ஒரு அசைப்பு அதிகமாகி மெட்டு உடைகிறது. காலத்தை விட்டுக்கொடுத்து மெட்டை வைத்துக்கொள்கிறேன். "நாளுமே" இருப்பதால் இன்றும் அதில் அடக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

பழையரேடியோ:

ஒன்றைக் கவனித்தீர்களா? பாடுவேன் என்பதில் நான் வந்தாயிற்று, பாடுவாய் என்பதில் நீ வந்தாயிற்று. அதற்குப் பிறகு "கூடுவோம்" என்றால் அந்த "-ஓம்"இல் நீயும் இருந்தே ஆக வேண்டும், "நாங்கள்" என்று எடுக்க இடமே இல்லை. கடுகு மன்னிக்க வேண்டும்.

கடுகு:

மன்னித்தேன். குழுப் பெயரையும் தமிழில் சொல்வீர்கள் அல்லவா, "எர்மானோஸ்" என்பதைச் "சகோதரர்கள்" என்று போட்டுவிடாதீர்கள், ஸ்பானிஷில் அந்தப் பன்மைக்குள் சகோதரிகளும் அடக்கம். "உடன்பிறப்புகள்" என்று போடுங்கள். மேடைப் பேச்சு ஞாபகம் வந்தால் வரட்டும்.

தாளம்தப்பியவள்:

"பாடுவேன், பாடுவாய், நாளுமே கூடுவோம்". இப்போதுதான் எட்டுப் பேரும் பாடிப் பார்த்தோம், ஏறிவிட்டது! "நாங்கள்" கட்சிக்காரரும் பாடினார், ஒன்றும் சொல்லவில்லை. "வாய்" என்பதில் கடைசி ய்-ஐ எங்கே நிறுத்துவது என்று இப்போது புதுக் குழப்பம், நான்கு பேர் "வாஆஆய்" என்று இழுக்கிறார்கள். அல்டோகுரல், இதையும் இரண்டு பேரிடம் கொடுத்துவிடலாமா?

அல்டோகுரல்:

வேண்டாம். ய் சத்தம் போடாது, எல்லாரும் சொல்லலாம். ஆ-வைக் கடைசித் தட்டு வரை பிடித்து, தட்டு விழும்போது ய் போட்டு முடியுங்கள். ஸ் உரிமைக்குத்தான் சீட்டுக் குலுக்க வேண்டும்.