ஓஎல்இடி தொலைக்காட்சிக்கு இரு மடங்கு விலை தகுமா?

கேள்வி: 65 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சி வாங்க எண்ணுகிறோம், அதே அளவுள்ள சாதாரண எல்இடி வகையைவிட விலை இரு மடங்குக்கு மேல் இருப்பதால் தயங்குகிறோம். பகலில் செய்திகளும் இரவில் திரைப்படங்களும் பார்ப்போம். வாங்கலாமா?

மறுமொழி 1: ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால், இருட்டறையில் கறுப்பு உண்மையான கறுப்பாகவே தெரியும், திரைப்படங்களை விரும்பிப் பார்ப்பவருக்கு அந்த விலை தகும் என்றே சொல்வேன்.

மறுமொழி 2: ஆனால் செய்தி அலைவரிசையின் சின்னமும் கீழுள்ள எழுத்துப் பட்டையும் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால், அங்கு ஓஎல்இடி திரைக்கு ஒளி தரும் கரிமப் பொருள் விரைவில் தேய்ந்து, நிழல்போன்ற தடம் நிலைத்துவிடக்கூடும். உத்தரவாதம் இதை ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெயில் விழும் அறையென்றால் மிகச் சிறிய பின்விளக்குகள் பலவற்றால் கூடுதல் வெளிச்சம் தரும் மினி எல்இடி வகையே மேல்.

மறுமொழி 3: மிக அதிகப் படப்புள்ளிகள் கொண்ட 8கே வகைக்காகக் கூடுதலாகச் செலவிட வேண்டாம், அந்தத் துல்லியத்தில் கிடைக்கும் படங்கள் மிகக் குறைவு.