உப்பு போட்டால் ஐஸ் உருகுகிறது, ஆனால் இன்னும் ஜில்லென்று ஆகிறதே? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி:
ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இரண்டு தட்டில் ஐஸ் வைத்து, ஒன்றில் மட்டும் கல்லுப்பு தூவினேன். அதுதான் முதலில் உருகியது. "உப்பு சூடு கொடுக்குது" என்று சொல்லிவிட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி இரண்டு தட்டையும் தொட்டுப் பார்த்து, "இல்ல டீச்சர், உப்பு போட்டதுதான் ரொம்ப ஜில்லுன்னு இருக்கு" என்றாள். தெர்மாமீட்டர் வைத்தேன், மைனஸ் 6. உருகவும் செய்கிறது, குளிரவும் செய்கிறது. திங்கட்கிழமை என்ன சொல்லட்டும்?

பதில் 1:
டீச்சர், முதலில் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள். தொட்டுப் பார்த்துச் சொன்னாளே, அதுதான் அறிவியல்.

உப்பு சூடு தருவதில்லை. உருகும் ஐஸ்மேல் மெல்லிய ஈரம் இருக்கும். அங்கே நீர்த்துகள்கள் ஐஸிலிருந்து கழன்று வருவதும் திரும்பப் போய் ஒட்டுவதுமாக இருக்கும். 0 டிகிரியில் இரண்டும் சமம். ஈரத்தில் உப்பு கரைந்ததும் ஒட்டுவது குறைகிறது, கழல்வது நிற்பதில்லை. பத்துப் பேரைக் கைகோத்து நிற்க வைத்து விளையாட்டாகவே காட்டலாம். ஓரத்துப் பிள்ளைகள் கையை விட்டு வந்து திரும்பச் சேரட்டும். பிறகு வரிசைக்கும் வெளியே வந்தவர்களுக்கும் நடுவே நாலு 'உப்பு'ப் பிள்ளைகளை விடுங்கள்; திரும்பச் சேர்வது குறையும்.

குளிர்ச்சிக்குக் காரணம் வேறு. ஒரு கிராம் ஐஸ் உருகச் சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். அடுப்பா இருக்கிறது? தன்னிடமும் தட்டிடமும் இருக்கிற வெப்பத்தையே அது எடுத்துக்கொள்கிறது.

பதில் 2:
குல்பி வண்டியைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். உருகும் வெறும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும்; சர்க்கரை போட்ட பால் அந்தக் குளிரில் உறையாது. அதனால்தான் பானையில் ஐஸோடு கல்லுப்பு போடுகிறார்கள். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு நன்றாகக் கலந்தால் மைனஸ் 21 வரைகூட இறங்கும். தயவுசெய்து ஐஸையும் உப்பையும் சேர்த்துக் கையில் பிடிக்க மட்டும் விடாதீர்கள், தோல் கொப்பளித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
செய்துவிட்டோம்! ஐஸும் உப்பும் கலந்து வைத்த எவர்சில்வர் டம்ளருக்கு வெளியே வெள்ளையாகப் பனி படிந்தது. அந்தப் பெண் நகத்தால் அதில் தன் பெயரைக் கீறினாள். இப்போது அடுத்த சந்தேகம்: சர்க்கரை போட்டாலும் உருகுமா?

பதில் 1:
உருகும், ஆனால் மெதுவாக. ஒரே எடையில் உப்பில் துகள்கள் பத்து மடங்குக்கும் மேல். கரைந்ததும் உப்பு இரண்டிரண்டாகப் பிரிந்துவிடும், சர்க்கரை பிரியாது. மூன்றாவது தட்டு வையுங்கள், அவளே நேரம் குறிக்கட்டும்.