ரங்கூன் சுத்தப் போனப்போ யாரைப் பார்த்தீங்க?

மோல்மீன்காரன்:
பசங்களுக்கு லீவு விட்டதும் நாலு நாள் ரங்கூன் போயிட்டு வந்தோம். சூலே பகோடா, ஸ்காட் மார்க்கெட் எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சது. (ஸ்காட் மார்க்கெட்டோட இப்பப் பேரு போஜோ அவுங் சான் மார்க்கெட், அப்படிச் சொன்னா எங்கம்மாவுக்குப் புரியாது. 1926-ல கட்டினப்போ வச்ச பேருதான் அவங்களுக்கு.) சொல்ல வந்தது ஷ்வேடகோன் பகோடாவுல நடந்தது.

மத்தியானம் போனதே தப்பு. படிக்கட்டுக்குக் கீழயே செருப்பைக் கழட்டியாச்சு, மேல பளிங்குத் தரை தோசைக்கல்லாக் காயுது. பாய் விரிச்ச வழியை விட்டு இறங்கின சின்னவன் ஆடின ஆட்டத்தை வீடியோவே எடுத்து வச்சிருக்கேன். 99 மீட்டர் தங்கக் கோபுரம், அண்ணாந்து பார்த்தா கண்ணு கூசுது. நிழல் தேடி வடமேற்கு மூலையில ஒதுங்கினோம்.

கோபுரத்தைச் சுத்திக் கிழமைக்கு ஒரு சன்னதி. அவங்கவங்க பிறந்த கிழமையில தண்ணி ஊத்தறாங்க. மொத்தம் எட்டு, ஏன்னா புதனை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. காலையில பிறந்தா புதன், மத்தியானத்துக்கு மேலன்னா ராகு. நம்ம நவக்கிரகந்தான், கேதுவுக்கு மட்டும் கிழமை கிடைக்கலை.

கன்னத்துல தனக்கா (மரப்பட்டையை அரைச்சுப் பூசறது) காஞ்சு வெடிச்ச ஒரு பாட்டி, கையில கிண்ணத்தோட, "பா நே தா லே?"ன்னாங்க. என்ன கிழமைப் பிள்ளைன்னு கேக்கறாங்க. எனக்கு நட்சத்திரம் தெரியும், மகம். கிழமை தெரியாது. பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பேர் வைக்கிறதுக்கே கிழமை பார்க்கிற ஜனம் இல்லையா. அம்மாவுக்குப் போன் போட்டேன். "புதன்கிழமைடா. விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி, நாலு நாலரை இருக்கும். உங்கப்பா டீக்கடையில உக்காந்திருந்தார்." 43 வருஷமாகியும் அந்தக் கோபம் ஆறலை.

"ராஹு"ன்னேன். பாட்டி சிரிச்சுட்டு என் முதுகுக்குப் பின்னாடி கையைக் காட்டினாங்க. தந்தமில்லாத யானை, ராகு சன்னதியோட அடையாளம். அவ்வளவு நேரமும் அதுமேலதான் சாஞ்சு நின்னிருக்கேன்! வயசுக்கு ஒரு கிண்ணம், மேல ஒண்ணு, ஆக 44. முப்பதுக்கு மேல ரெண்டு மூணைத் தாண்டிடலாம்னு பார்த்தேன், பாட்டி விடலை.

பெகு அக்கா:
வட்ட ரயில்ல ஏறலையா தம்பி? 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஊரைச் சுத்திட்டு ஏறின இடத்துலயே இறக்கி விட்டுடும். "இதுக்கா டிக்கெட்டு?"ன்னு எங்க வீட்டுக்காரர்.

டன்யிங்கோன் ஸ்டேஷன்ல தண்டவாளத்தை ஒட்டியே காய்கறிச் சந்தை. வண்டி நின்னதும் மூட்டை மூட்டையா உள்ள ஏறுது. ஒரு அம்மா ஈரக் கீரைக்கட்டை என் மடியிலயே வச்சுட்டாங்க. லோஞ்சி (பர்மாக் கைலி), தனக்கா, வாய் நிறைய வெத்தலை, அசல் பர்மாக்காரங்க. நான் இவர்கிட்டத் தமிழ்ல, "புது லோஞ்சி போச்சு, இதுக்குக் கண்ணு தெரியலையா?"ன்னேன். "கண்ணு நல்லாத் தெரியுது தாயி, வைக்கத்தான் இடமில்லை"ன்னாங்க அந்தம்மா.

மூணு ஸ்டேஷனுக்கு நான் வாயைத் திறக்கலை. இறங்கும்போது ஒரு கட்டு புளிச்சக்கீரையைப் பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டாங்க. காசும் வாங்கலை.

தத்தோன் வாத்தியார்:
டாக்ஸியில ஏறுறதுக்கு முன்னாடியே ரேட்டு பேசிடுங்க. நான் பேசாம ஏறி வாங்கிக் கட்டிக்கிட்டேன், அந்தக் கதை வேண்டாம்.

பகதூர் ஷா ஜாபர் தர்காவுக்குப் போனோம். கடைசி முகலாய பாதுஷா, நாடு கடத்தி இங்க கொண்டு வந்து, 1862-ல இங்கயே இறந்தார். வரலாறு நடத்தின ஆளாச்சே, சமாதி முன்னாடி நின்னு வீட்டம்மாவுக்குப் பாடமே எடுத்தேன். பெருக்கிட்டிருந்த பையன் விளக்குமாத்தைச் சாய்ச்சு வச்சுட்டு வந்தான். "சயா (சார்), அவர் இங்க இல்லை, கீழ இருக்கார்."

படி இறங்கிப் போனா, பட்டுத் துணி போர்த்தி, பூப் போட்ட நிஜக் கல்லறை. 1991-ல அஸ்திவாரம் தோண்டினப்போதான் கிடைச்சதாம். அதுவரைக்கும் எந்த இடம்னே யாருக்கும் சரியாத் தெரியாதுன்னு பையன் விளக்கினான். வீட்டம்மா அவனுக்கு மட்டும் ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தா. எனக்கு இல்லை.

மோல்மீன்காரன்:
சார், அடுத்த தடவை கீழ இருந்தே ஆரம்பிங்க. அக்கா, அந்தப் புளிச்சக்கீரையை என்ன பண்ணீங்க?

பெகு அக்கா:
ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி வாடிப் போச்சு. மீதியில இறால் போட்டு வதக்கினேன். டிக்கெட்டுக் காசைப் பத்தி இவர் அதுக்கப்புறம் பேசலை.