வெட்டுத்துண்டு (ஒரு கோடு எக்ஸ், ஒய் அச்சுகளை வெட்டும் இடம்) கணக்கில் மறக்க முடியாத அனுபவம் உண்டா?

2எக்ஸ் − 5ஒய் = 20. என்னிடம் படிக்கும் பெண் ஒய்க்கு 0 போட்டு 10, எக்ஸுக்கு 0 போட்டு −4 என்று இரண்டு வெட்டுத்துண்டுகளையும் மளமளவென்று கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் வரைபடத்தாளில் (10, −4) என்று ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு, "சார், கோடு எப்படிப் போடுவது?" என்றாள். அந்தப் புள்ளியைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னேன், 40 வந்தது. "அப்போ 10 தப்பா, −4 தப்பா?" இரண்டும் சரிதானே, என்ன சொல்வது? (10, 0), (0, −4) என்று எழுதிக் காட்டினேன், தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாளா என்பது இன்னும் உறுத்துகிறது.

——

எனக்குத் தேர்வில் வந்தது 3எக்ஸ் + 4ஒய் = 0, வெட்டுத்துண்டுகளைக் கண்டு கோட்டை வரைக. இரண்டுமே 0, கையில் இருப்பது ஆதிப்புள்ளி மட்டும், அதன் வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போடலாமே! எக்ஸ் = 4 என்று வைத்தால் ஒய் = −3, அதையும் சேர்த்து வரைந்தேன். திருத்தியவர் "வெட்டுத்துண்டு முறையில் வரையவில்லை" என்று சிவப்பில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். வேறு எப்படித்தான் வரைவதாம்?

——

முதலில் எழுதியவருக்கு: '0 போடு' என்று தொடங்குவதுதான் சிக்கலே. எக்ஸ் அச்சில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் ஒய் 0 என்பதை முதலில் அச்சின் மேல் விரல் வைத்துக் காட்டுங்கள். விடையைத் தனி எண்ணாக எழுத விடாதீர்கள், புள்ளியாகவே எழுதட்டும். என் பையனும் இதே மாதிரி ஒரு கணக்கில் −4ஐ 4 ஆக்கி, ஏற வேண்டிய கோட்டை இறக்கிவிட்டான், கேட்டால் "நீளம் எப்படி மைனஸில் வரும்?" என்கிறான். நீளம் இல்லை, அச்சில் எங்கே வெட்டுகிறது என்பதுதான், அதனால் குறி போகக் கூடாது. சமன்பாடு முழுவதையும் 20ஆல் வகுத்து வலப்பக்கம் 1 ஆக்கிவிட்டால் எக்ஸுக்குக் கீழே 10, ஒய்க்குக் கீழே −4 தானாக வந்து நிற்கும். இல்லாவிட்டால் எக்ஸ் உறுப்பை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைத் தீர்த்தால் ஒய் வெட்டுத்துண்டு, ஒய்யை மறைத்தால் எக்ஸ் வெட்டுத்துண்டு. இதைப் பழக்கிவிட்டால் எந்தக் கணக்கும் வாய்க்கணக்குதான்.

——

எந்தக் கணக்குமா? மேலே இருப்பவர் வலப்பக்கம் 0 உள்ள கணக்கைச் சொல்லியிருக்கிறார், அதை எதால் வகுத்து 1 ஆக்குவீர்கள்? ஒய் = 5 கொடுத்தாலும் இதே கதிதான். நான் சொல்லிக்கொடுத்த பையன் நீங்கள் சொன்ன மாதிரியே ஒய்யை மறைத்தான், இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. 0 = 5 என்று எழுதி, என் முகத்தைப் பார்த்து, உடனே அழித்துவிட்டு 'எக்ஸ் வெட்டுத்துண்டு 0' என்று எழுதினான். அழித்த வரிதான் சரியான வரி! கோடு எக்ஸ் அச்சுக்கு இணை, அதை வெட்டவே வெட்டாது.

——

சரி, என் மதிப்பெண் விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.