ஓரியோல்ஸ் குழுவின் ஆரம்பகாலச் சான்று வேண்டும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஓரியோல்ஸ் என்ற பாடகர் குழுவின் தொடக்கம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1948க்கு முந்தைய கட்டத்தில் சிக்கி நிற்கிறேன்.

தெரிந்தவை: முதலில் பெயர் வைப்ரநேர்ஸ். முன்னணிப் பாடகர் சன்னி டில். கடையில் விற்பனையாளராக இருந்த டெபோரா செஸ்லர் இவர்கள் பாடுவதைத் தொலைபேசியிலேயே கேட்டு மேலாளர் ஆனார் (இந்த ஒரு விஷயத்துக்காகவே எழுத உட்கார்ந்தேன்). 1948இல் ஆர்தர் காட்ஃப்ரியின் வானொலிப் போட்டியில் பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கிடம் தோற்றார்கள். தோற்றும் அதே வருடம் செஸ்லர் எழுதிய பாட்டு முதல் இசைத்தட்டாக வந்து ஹிட் ஆனது. பால்டிமோர் இருக்கும் மேரிலாந்தின் மாநிலப் பறவையான ஓரியோலின் பெயருக்கு மாறியதும் அப்போதுதான்.

என்னிடம் இருப்பது ஜூபிலி என்ற நிறுவனம் வெளியிட்ட அவர்களின் 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டு. ஓரத்தில் கீறல், ஊசி ஏறும்போதெல்லாம் 'டக்' என்கிறது. தேதி ஏதும் இல்லை.

மறுவெளியீடுகளின் உறைக் குறிப்புகளைப் படித்துவிட்டேன். எல்லாம் பிற்கால நினைவுகள். 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' என்ற பால்டிமோர் செய்தித்தாளின் பழைய பக்கங்களில் பழைய பெயரை ஒரே சொல்லாகவும் நடுவில் கோடு போட்டும் தேடினேன். பலனில்லை.

பால்டிமோரின் பென்சில்வேனியா அவென்யூ என்ற தெருப் பக்கம் வைப்ரநேர்ஸ் என்ற பெயரில் அவர்கள் பாடியதற்கு, அன்றைக்கே அச்சான விளம்பரமோ செய்தியோ யாரிடமாவது இருக்கிறதா?