எழுத்துக்கணக்குப் புதிரில் ‘கை’ ஓரெழுத்தா, ஈரெழுத்தா?

கேள்வி (பாலக்கோடு):
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு எழுத்துக்கணக்குப் புதிர்கள் போட்டுத் தருகிறேன். ஓர் எழுத்துக்கு ஓர் இலக்கம், வேறு எழுத்துக்கு வேறு இலக்கம், எண்ணின் முதலில் சுழியம் கூடாது என்பவையே விதிகள். நேற்று ‘கை + கை + கை = பகை’ என்று எழுதிக் கொடுத்தேன். இணைக்கொம்பைத் தனியாகவும் ககரத்தைத் தனியாகவும் எண்ண வேண்டாமா என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. எது முறை?

பதில் 1 (கிருஷ்ணகிரி):
தமிழின் 247 எழுத்துகளில் ‘கை’ ஒன்று. எனவே ஓர் இலக்கம்தான். மூன்று முறை கூட்டியும் கடைசி இலக்கம் மாறாதவை 0, 5 இரண்டே. சுழியம் விதிப்படி ஆகாது; ஆகவே 5 + 5 + 5 = 15. ஆங்கிலேயப் புதிராசிரியர் ஹென்றி டியூட்னி 1924இல் வெளியிட்ட ‘SEND + MORE = MONEY’ என்ற புகழ்பெற்ற புதிரைச் ‘செண்ட் + மோர் = மணி’ என்று தமிழில் எழுதினால், மூவெழுத்தோடு ஈரெழுத்தைக் கூட்டி ஈரெழுத்து வரவேண்டியதாகி, கணக்கே நிற்காது. நமக்கான புதிரை நாமேதான் கட்ட வேண்டும்.

பதில் 2 (ஊத்தங்கரை):
ஐயா சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் குழந்தையின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். அவள் சொன்னபடி பிரித்தால், எழுத்தில் கொம்பே முதலில் வருவதால், இணைக்கொம்பு = 5, க = 0, ப = 1; அதாவது 50 + 50 + 50 = 150. அதற்கும் ஒரே விடைதான் என்பது எனக்கே வியப்பு! எம்முறை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

பதில் 3 (தருமபுரி):
எழுத்தே எண்ணாக நிற்பது நமக்குப் பழகியதுதானே. பழைய தமிழ் எண்குறிகளில் 8 ‘அ’, கால் ‘வ’ என்பதால்தான், ‘எட்டேகால் லட்சணமே’ என்று தனிப்பாடலில் ஔவையார் வைதது ‘அவலட்சணமே’ ஆகிறது. (நம் தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை வேறு; இவர் பிற்காலத்தவர்.) அடுத்து, ஆறு ‘கை’களைக் கூட்டிப் ‘பகை’ ஆக்கச் சொல்லுங்கள். 12, 24, 36, 48 என நான்கு விடைகள் வரும். புதிர் ஏன் பழுது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி. மூன்று விடைகளைக் கண்டுவிட்டாள், 48ஐத் தேடிக்கொண்டிருக்கிறாள்.