தலையீடு குறைந்த பிரசவம்: மருத்துவரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு 28 வாரம், சிக்கல் எதுவும் இல்லை. இயல்பான பிரசவத்துக்கு ஆதரவு தருவீர்களா என்று கேட்டால், மருத்துவர் "பார்க்கலாம்மா" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வைத்து என்ன முடிவெடுப்பது?

பதில் 1: ஆதரவு உண்டா என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வழக்கத்தைக் கேளுங்கள். எபிசியாட்டமி (குழந்தை வெளிவர பிறப்புறுப்பு வாயில் போடும் வெட்டு) எல்லோருக்கும் செய்வாரா, தேவைப்பட்டால் மட்டுமா? தேதி கடந்தால் எந்த வாரம்வரை காத்திருப்பார்? வலியின்போது நடக்கலாமா, மல்லாந்தே கிடக்க வேண்டுமா? உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்படி, கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே பிரசவத்தின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. மணிக்கு 1 செ.மீ. திறக்கவில்லை என்பது மட்டுமே தலையிடக் காரணமாகாது. இதைச் சொல்லிவிட்டு முகத்தைக் கவனியுங்கள். என் மருத்துவர் காகிதத்தில் வரைந்தே விளக்கினார். அதற்கு முன் பார்த்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்!

பதில் 2: இதையும் கேளுங்கள்: உங்கள் மருத்துவர் விடுப்பில் இருந்தால் யார் வருவார்? எனக்குப் பிரசவம் பார்த்தவரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

பதில் 3: நான் செவிலியர். சிசேரியன் எப்போது அவசியம் என்பார் என்றும் கேளுங்கள். குழந்தையின் இதயத்துடிப்பு தொடர்ந்து குறைந்தால் தயங்காதவர்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்: குறித்துக்கொண்டேன். பிரசவ அறையில் கணவர் உடனிருக்கலாமா என்பதிலிருந்து தொடங்குகிறேன்.